சுக்கானடிக்கு வந்த இன்ஜின்: ஜொகூர் நீர்வழிகளில் 150 ஆண்டுகள்

பாய்மரப் படகில் இன்ஜின் அடித்தட்டில் கிடக்கும். சுக்கான் மேல்தளத்தில், பெரும்பாலும் பின்கோடியில் இருக்கும். இரண்டுக்கும் இடையே சிறு படகில் 2 மீட்டர், நடுத்தரப் படகில் 4, 5 மீட்டர் தூரம். மேலே நிற்பவர் நினைத்ததைக் கீழே உள்ள இயந்திரம் உடனே செய்தாக வேண்டும். இயந்திரத்துக்கு என்ன நேர்கிறது என்பது மேலே நிற்பவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். முன்னதற்குக் கைப்பிடிகள், பின்னதற்கு அளவுமானிகள். பழைய படகைக் கரையேற்றிப் புதுப்பிக்கும்போது இவற்றைக் கழற்றி வேறிடத்தில் பொருத்துவது இன்று வழக்கமான பட்டறை வேலை. அது ஒரு நீண்ட இடமாற்றத்தின் கடைசிக் கட்டம். நீராவிக் காலத்தில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் நின்றார்; அவருடைய வேலை சிறிது சிறிதாகச் சுக்கான் பிடிப்பவரின் கைக்குப் போனது. ஜொகூரைச் சுற்றியுள்ள நீர்வழிகள் அந்த மாற்றத்தின் எல்லாக் கட்டங்களையும் கண்டவை.

மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் தெப்ராவ் நீரிணை என்று ஜொகூர் மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்ட மாநிலம். காற்றை மட்டும் நம்பிப் படகோட்ட இது எளிய இடமல்ல. மலாக்கா நீரிணையில் பல நாள்கள் காற்றே இராது. இருக்கும் நாளில், விடியலுக்கு முன் 'சுமாத்ரா' என்று மாலுமிகள் சொல்லும் புயற்காற்று மழையோடும் மின்னலோடும் திடீரென்று வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மெர்சிங் போன்ற ஊர்களின் சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும். நீரிணைக்குள்ளேயோ ஏற்றவற்றம் 3 மீட்டர் வரை. காற்றில்லாத வேளையில் பாய்மரப் படகை அந்த நீரோட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்ஜின் வருமுன் இந்த நீரில் ஓடிய படகுகள் பல. தெப்ராவ் நீரிணையின் கடலோடிகளான ஓராங் செலேத்தார் மக்கள், நிப்பா ஓலைக் கூரை போட்ட 'பாவ் காஜாங்' படகிலேயே குடும்பம் நடத்தினார்கள். மலாய்க்காரர்கள் கோலேக் படகில் மீன் பிடித்தார்கள். விழா நாள்களில் அதே கோலேக்கைப் பந்தயத்திலும் ஓட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் சீனர்கள் போட்ட மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களின் விளைச்சல் ஸ்கூடாய், தெப்ராவ், ஜொகூர் ஆறுகளின் வழியே படகேறி சிங்கப்பூர் சந்தைக்குப் போனது. அகன்ற வயிறும் பெரிய பாயும் கொண்ட தொங்காங்குகள் சதுப்புநில விறகையும் மரக்கட்டைகளையும் ஏற்றின. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் சி. ஏ. கிப்சன்-ஹில், 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் இப்படகுகளை அளந்து, வரைந்து, அரச ஆசியக் கழகத்தின் மலாயா கிளை ஆய்விதழில் கட்டுரைகளாக எழுதினார். பாயோட்டம் முடியும் தறுவாயில் எடுக்கப்பட்ட கணக்கு அது. அவர் எழுதாமல் போயிருந்தால் இவற்றில் பலவற்றின் அளவுகூட இன்று கிடைத்திருக்காது.

ஜொகூரில் நீராவி இயந்திரம் ஆரம்பத்திலேயே ஊன்றிய இடங்களில் ஒன்று மர அறுவை ஆலை. தெமெங்கோங் அபு பக்கார் ஆட்சிக்கு வந்தது 1862-இல். தஞ்சோங் புத்ரி என்றிருந்த தலைநகருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் மாறியது 1866-இல். அந்தப் பத்தாண்டிலேயே ஜேம்ஸ் மெல்ட்ரம் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நீராவி அறுவை ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. நகரின் நடுவே இன்றுள்ள மெல்ட்ரம் சாலைக்கு அவர் பெயர்தான். ஆலையில் கொதிகலனும் ஆளும் பக்கம் பக்கமாக இருந்தால் போதும். நீராவிமானியைப் பார்க்கிறவரே வால்வையும் திருகுவார். அதே இயந்திரம் படகில் ஏறியபோதுதான் சிக்கல் வந்தது. பாதை தெரிவது மேலே இருப்பவருக்கு. வால்வு இருப்பது கீழே.

1877-இல் ஜொகூருக்கு வந்த ஒரு படகு இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் பிராசியின் 'சன்பீம்' 1874-இல் கட்டப்பட்ட மூன்று பாய்மரக் கப்பல்; துணைக்கு ஒரு நீராவி இன்ஜினும் உண்டு. உலகம் சுற்றிவந்த அந்தக் குடும்பம் சிங்கப்பூரில் தங்கியபோது ஜொகூர் மகாராஜாவின் விருந்தினராகவும் போய்வந்தது. பயணத்தை அன்னி பிராசி எழுதிய நூல் மறு ஆண்டு வெளியாகிப் பல மொழிகளில் பரவியது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் நீராவி என்ற அதன் ஏற்பாட்டைத்தான் இன்றைய துணை இன்ஜின் கொண்ட ஒவ்வொரு பாய்மரப் படகும் பின்பற்றுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. சன்பீமில் இன்ஜினுக்கென்று தனி ஆள்கள் இருந்தார்கள். அடுப்பில் கரி தள்ள ஒருவர், வால்வு பார்க்க ஒருவர் என்று வேலையைப் பிரிக்காமல் நீராவிக் கப்பலை நகர்த்த முடியாது.

மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லி அனுப்பியது மணியால். சிறிய நீராவி லாஞ்சுகளில் செராங் எனப்படும் படகுத் தலைவர் சுக்கானருகே தொங்கும் கயிற்றை இழுப்பார். கீழே இன்ஜின் டிரைவரின் தலைமாட்டில் மணி அடிக்கும். ஒற்றை அடிக்கு ஒரு பொருள், இரட்டை அடிக்கு இன்னொன்று. ஊருக்கு ஊர் அது மாறும். பேசுவதற்கு ஒரு பித்தளைக் குழாயும் உண்டு. வாயை வைத்து ஊதினால் மறுமுனையில் சீழ்க்கை அடிக்கும், பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். பெரிய கப்பல்களில் 1870-களுக்குப் பின் டெலிகிராப் என்ற கருவி வந்தது. லிவர்பூலின் சாட்பர்ன் நிறுவனம் இதில் பேர்போனது. மேலே வட்டத் தட்டின் கைப்பிடியை 'மெதுவாக முன்னே' என்ற இடத்துக்குத் தள்ளினால் சங்கிலியும் கம்பியும் இழுத்துக் கீழே உள்ள தட்டின் முள்ளும் அதே இடத்துக்கு வரும். கீழே இருப்பவர் தன் கைப்பிடியை அங்கே நகர்த்திப் பதில் சொல்வார். உத்தரவு போனது என்பதோடு கேட்கப்பட்டது என்பதும் இதில் உறுதியாகிறது. மணிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்களை ஏற்றிவந்த கப்பல்களிலும் இந்த ஏற்பாடே. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜுலா' ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த வழியில் ஓடியது. ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களில் பலருக்கு அந்தப் பெயர் வீட்டுப் பெயர் போலவே பழக்கம். தளத்தில் படுத்துவந்தவர்கள் கப்பல் துறையை நெருங்கும்போது கேட்ட மணியோசை, மேலிருந்து கீழே போன உத்தரவுதான்.

அளவுமானியின் வரலாறு வேறு தடத்தில் போகிறது. பாரிஸில் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அழுத்தமானி, கொதிகலன் உள்ள இடமெல்லாம் பரவியது. வளைந்த, தட்டையான பித்தளைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். மின்சாரம் வேண்டாம், பிழை குறைவு. ஆனால் அளக்கப்படும் பொருளே குழாய் வழியாக மானிவரை வந்தாக வேண்டும். நீராவியையோ சூடான எண்ணெயையோ சுக்கானடிவரை குழாயில் கொண்டுபோவது எவருக்கும் விருப்பமான வேலை அல்ல. கைப்பிடிகள் மேலே வந்த பிறகும் மானிகள் நெடுநாள் கீழேயே தங்கியதற்கு இதுவே முதல் காரணம்.

தெப்ராவ் நீரிணையின் கதையில் 1923 ஒரு திருப்பம். அதுவரை உட்லண்ட்ஸ்–ஜொகூர் பாரு இடையே ரயில் பெட்டிகளும் தெப்பத்தில் ஏறித்தான் கடந்தன. 1,056 மீட்டர் நீளமான கடற்பாலம் அந்த ஆண்டு சரக்கு ரயிலுக்குத் திறக்கப்பட்டது. முறையான திறப்பு விழா 1924 ஜூனில் நடந்தது. கல்லைக் கொட்டி எழுப்பிய அணை அது. அடியில் நீர் ஓடாது. சிறு படகுகள் கடக்க ஜொகூர்ப் பக்கம் ஒரு நீர்ப்பூட்டு வைத்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைகள் பாலத்தைத் தகர்த்தன. பாலம் விரைவில் செப்பனிடப்பட்டது. நீர்ப்பூட்டு திரும்ப வரவில்லை. ஒரே நீரிணை இரண்டு முட்டுச்சந்துகளாகிவிட்டது. மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக வேண்டிய படகு சிங்கப்பூர்த் தீவை முழுவதும் சுற்றியாக வேண்டும். உலகிலேயே மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றின் ஓரமாகப் போகும் பயணம் அது. பன்னாட்டு விதிப்படி 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் கப்பல் வழித்தடத்தில் செல்லும் விசைக்கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. காற்றை நம்பி அங்கே நிற்க முடியாது. இன்ஜினை ஓட்டித்தான் போக வேண்டும். பாய்மரப் படகுக்காரருக்கு ஜொகூரில் இன்ஜின் கைப்பிடி இவ்வளவு முக்கியமானதற்குப் புவியியலைவிட இந்தப் பாலமே கூடுதல் காரணம் என்று சொல்லலாம்.

எண்ணெய் இன்ஜின் இந்தப் பகுதிக்கு மீன்பிடித் தொழிலோடு வந்தது. 1920, 30-களில் சிங்கப்பூரைத் தளமாக வைத்திருந்த ஜப்பானிய மீனவர்கள், அவர்களில் பலர் ஓக்கினாவாக்காரர்கள், மோட்டார் படகில் போய் ஐஸில் மீன் கொண்டுவந்தார்கள். அக்காலத்துச் சூடுகுமிழ் இன்ஜினை எழுப்புவதே ஒரு சடங்கு. தலைப்பகுதியை ஊதுவிளக்கால் சில நிமிடம் காய்ச்சி, சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுழற்ற வேண்டும். ஆள் கூடவே இருந்தாக வேண்டிய இன்ஜின் அது. ஜப்பானின் யான்மார் 1933-இல் சிறிய டீசல் இன்ஜினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. காய்ச்சும் வேலை போயிற்று. கைப்பிடியால் சுழற்றி, அழுத்தத் தடையை விடுவித்தால் இன்ஜின் ஓடும். ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை.

போருக்குப் பின் மலாயாவின் மீன்பிடிப் படகுகளில் டீசல் இன்ஜின் வேகமாக ஏறியது. தொங்காங்குகளும் ஒவ்வொன்றாகப் பாயை இறக்கி இன்ஜின் வைத்துக்கொண்டன. 1971-இல் மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தபோது பாயோட்டம் பெரும்பாலும் நினைவாகியிருந்தது. அந்த இடைக்காலத்துச் சிறு படகுகளின் கட்டுப்பாட்டு முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இன்ஜினின் திராட்டில் நெம்பில் ஒரு கயிறு. அது கப்பி ஒன்றைச் சுற்றிப் பின்னால் சுக்கான் பிடிப்பவரின் கைக்கு வரும். கயிற்றை இழுத்தால் வேகம். விட்டால் ஒரு சுருள்வில்லோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ நெம்பை இழுத்து வேகத்தைக் குறைக்கும். விரும்பிய வேகத்தில் நிறுத்தக் கயிற்றை ஒரு முளையில் சுற்றிவிடலாம். கியருக்கு நீண்ட இரும்புக் கம்பி, அல்லது ஒரு பையன். அளவுமானி எதுவும் இராது. குளிர்நீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்ப்பதும் சத்தம் மாறுகிறதா என்று கேட்பதுமே அளவு. இன்றைக்கும் அனுபவமுள்ள மீனவர் இன்ஜின் சூடேறுவதை முள் சொல்லுமுன்பே சொல்லிவிடுவார் என்பதில் மிகை அதிகமில்லை.

தென்னிந்தியக் கரையில் இந்த மாற்றம் வேறு வேகத்தில் நடந்தது. 1950-களில் கொல்லம் அருகே இந்திய–நார்வே திட்டம் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் கொடுத்தது. ஆனால் தூத்துக்குடியின் சரக்குத் தோணிகள் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பாயிலேயே கொழும்புக்குப் போய்வந்தன. பிறகுதான் அவையும் இன்ஜின் ஏற்றின. இன்ஜினால் ஓடினாலும் இந்தியச் சட்டத்தில் அவை விசை பொருத்திய பாய்க்கப்பல்கள் என்றே பதிவாகின்றன.

வெளிப்பொருத்து இன்ஜின் இந்தப் பிரச்சினையையே ஓரங்கட்டியது. ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய அவுட்போர்டில் இன்ஜின், உந்தி, சுக்கான் மூன்றும் ஒரே துண்டு. பின்பலகையில் மாட்டிக் கைப்பிடியைப் பிடித்தால் திசை. பிடியை முறுக்கினால் வேகம். 1930-களில் வந்த பிரிட்டிஷ் சீகலும் 1960-இல் தொடங்கிய யமஹாவும் இதை மலிவாக்கின. கரையில் குடியேறிய ஓராங் செலேத்தார் மக்களின் கண்ணாடியிழைப் படகுகளில் இன்று இதுதான் இருக்கிறது. இடைவெளியே இல்லாததால் இடமாற்றும் வேலையும் இல்லை. பாய்மரப் படகுக்கு மட்டும் இது முழுத் தீர்வாகவில்லை. அலையில் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்போது உந்தி காற்றில் சுழலும்; கனமான படகைத் தள்ள வலுவும் போதாது.

உள்ளே கிடக்கும் இன்ஜினைச் சுக்கானடிக்குக் கொண்டுவந்தது சைக்கிள் பிரேக். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்ற கேபிளில், சுருள்கம்பி உறைக்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடும். உறை வளைந்து வளைந்து போனாலும் உள்ளே இழுத்த இழுப்பு மறுமுனைக்கு வந்துவிடும். அது இழுக்க மட்டுமே உதவியது. தள்ளினால் கம்பி மடங்கும். தடித்த உள்கம்பியோடு தள்ளவும் இழுக்கவும் கூடிய கேபிள் விமானங்களில் பழகி, போருக்குப் பின் படகுகளுக்கு வந்தது. அதோடு ஒற்றைக் கைப்பிடியும் வந்தது. நடுவில் நின்றால் கியர் இல்லை. சற்று முன்னே தள்ளினால் முதலில் கியர் விழும், இன்னும் தள்ளினால் வேகம் கூடும். பின்னே இழுத்தால் அதேபோலப் பின்னோட்டம். கியர் மாறும்போது வேகம் தானாகவே தாழ்ந்திருப்பதால் கியர்ப்பெட்டி உடையாது. செராங், மணி, டிரைவர் என்ற ஏற்பாடு ஒரே கைக்குள் அடங்கியது.

பெரிய கப்பல்களில் இந்தத் திருப்பத்துக்கு ஒரு தேதி சொல்ல முடியும். 1961-இல் ஜப்பானின் மிட்சுய் நிறுவனத்துக்காக வந்த 'கின்காசன் மாரு' முதன்மை டீசல் இன்ஜினை மேல்தள அறையிலிருந்தே இயக்கியது. 1973-இல் ஜொகூரின் பாசீர் கூடாங்கில் பெரிய கப்பல் பட்டறை உருவானபோது, இரவில் இன்ஜின் அறையில் ஆளே இல்லாமல் ஓடும் கப்பல்கள் உலகில் பெருகத் தொடங்கியிருந்தன. இருந்தாலும் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, உத்தரவு சொல்ல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் வேண்டும் என்றும், அவற்றில் ஒன்று டெலிகிராப்பாக இருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. இயந்திரம் தானாகவே கேட்டாலும் பழைய மணித்தட்டு மேலேயே இருக்கிறது.

உலாப் படகுகளின் காலம் ஜொகூரில் பிந்தி வந்தது. பெங்கேராங் பக்கம் சுங்கை சந்தியில் செபானா கோவ், நீரிணையின் கிழக்குப் பாதியில் செனிபோங் கோவ், மேற்குப் பாதியில் இஸ்கண்டார் புத்ரியின் புத்ரி ஹார்பர் என்று படகுத்துறைகள் எழுந்தன. 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்துக்கு அடியில் நுழைந்தே புத்ரி ஹார்பருக்குப் போக வேண்டும். உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் பருவக்காற்று மாறும்வரை இங்கே தங்கும். அவற்றில் பல 1970, 80-களில் கட்டப்பட்டவை. தங்கும் மாதங்களில் செய்துகொள்ளும் வேலைகளில் இன்ஜின் கட்டுப்பாட்டை இடமாற்றுவதும் ஒன்று.

அக்காலப் படகுகளைக் கட்டியவர்கள் அளவுமானிப் பலகையை இடம் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டார்கள். பின்தளத்தில் தாழ்வாக உள்ள சுக்கான் பள்ளத்தின் பக்கச்சுவரில், முழங்காலுக்குக் கீழே அது இருக்கும். இன்ஜின் அதற்கு நேர் பின்னால் இருப்பதால் கேபிளும் கம்பியும் குறையும், செலவும் குறையும். நின்று ஓட்டுபவருக்கு முள் தெரியாது. பள்ளத்தில் அலைநீர் தேங்கினால் முதலில் நனைவது சாவி. உட்கார்ந்திருப்பவரின் கால் கைப்பிடியில் தட்டினால் கியர் விழும். காற்றே இல்லாத நீரிணையில் கப்பல்களுக்கு ஓரமாக ஆறு மணி நேரம் இன்ஜினில் ஓட்டிவந்தவருக்கு இந்த அமைப்பின் குறை தானாகவே புரியும்.

கட்டையால் திருப்பும் சுக்கானைச் சக்கரமாக மாற்றும்போதுதான் பெரும்பாலும் இந்த வேலையும் சேர்ந்துகொள்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கம்பத்தின் இரு பக்கமும் கைப்பிடிகள், உச்சியில் திசைகாட்டி, அதற்குக் கீழே மானிகள் என்பது பழகிய அமைப்பு. முதலில் கேபிளின் பாதையைப் பார்க்க வேண்டும். படகுகளில் பரவலாக உள்ள 33சி வகைக் கேபிளை 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும். நான்கைந்து வளைவு சேர்ந்தால் கைப்பிடி கனக்கும், கியர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் கியர் சில மாதங்களில் கிளட்சைத் தின்றுவிடும். எனவே பழைய கேபிளை நீட்டப் பார்க்காமல் புதிய பாதையை அளந்து சரியான நீளத்தில் புதிதாக வாங்குவதே நல்ல பட்டறையின் வழக்கம். ஒரு கயிற்றை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்து நீளம் எடுப்பார்கள்.

மானிகளில் வேலை இன்னும் நுணுக்கமானது. பழைய படகில் எண்ணெய் அழுத்தமானிக்குச் செம்புக் குழாய் வந்திருந்தால், அதை நீட்டுவதைவிட இன்ஜினில் மின் உணரி ஒன்றைத் திருகிக் கம்பியை மட்டும் மேலே கொண்டுவருவது பாதுகாப்பு. வெப்பமானியின் நுண்குழாயை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. சுழற்சிமானிக்குப் போகும் வளையும் தண்டு நீளம் கூடினால் முள் ஆடும். ஆக மூன்றுமே மின்சாரத்துக்கு மாறுகின்றன. அப்போது தவறும் இடம் ஒன்று உண்டு: ஐரோப்பிய உணரிகளின் மின்தடை பொதுவாக 10-லிருந்து 180 ஓம்வரை ஏறும், அமெரிக்க உணரிகளுடையது 240-லிருந்து 33 ஓமுக்கு இறங்கும். இரண்டையும் கலந்தால் எண்ணெய் அழுத்தம் நன்றாக உள்ள இன்ஜினிலும் முள் சுழியத்தை ஒட்டியே காட்டும். சுழற்சிமானியைப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் துடிப்பை எண்ணி ஓட்டுவார்கள். ஆல்டர்னேட்டரை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். திரும்ப அளவுதிருத்தம் செய்யாவிட்டால் மானி காட்டுவது வெறும் அலங்காரம்.

ஆபத்தானது ஆம்பியர்மானி. 1970, 80-களின் பல அமெரிக்கப் படகுகளில் பேட்டரிக்கு ஏறும் மின்னோட்டம் முழுவதும் அளவுமானிப் பலகைக்கு வந்து அந்த மானியைக் கடந்தே திரும்பும். இன்ஜினருகே பலகை இருந்தபோதே இணைப்பிகள் சூடாகி உருகின. அதே கம்பியை இன்னும் 3 மீட்டர் நீட்டினால் மின்னழுத்தமும் விழும், தீக்கும் வாய்ப்பு கூடும். ஆம்பியர்மானியை எடுத்துவிட்டு வோல்ட்மானி வைப்பதும், மின்னேற்றக் கம்பியை நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோவதும் இந்த இடமாற்றத்தோடு கட்டாயம் சேர வேண்டிய வேலைகள். ஜொகூரின் ஈரத்தில் வெறும் செம்புக் கம்பி விரைவில் கறுத்துப் பச்சை பிடிக்கும்; வெள்ளீயம் பூசிய கம்பிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீணில்லை.

மானிகளும் கம்பிகளும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காந்த முள் விலகும். கம்பி இரண்டையும் முறுக்கி ஓட்டினால் விலகல் குறையும்; இருந்தாலும் வேலை முடிந்தபின் தெரிந்த திசைகளில் படகைத் திருப்பித் திருப்பி, இன்ஜின் ஓடும்போதும் நிற்கும்போதும் திசைகாட்டியைச் சரிபார்க்க வேண்டும். அதற்குமுன் துறையில் கயிற்றால் கட்டியபடியே கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்ப்பார்கள். இன்ஜினருகே ஒருவர் நின்று நெம்பு கடைசிவரை போகிறதா என்று பார்ப்பார்.

2000-க்குப் பிந்திய இன்ஜின்கள் பலவற்றில் கேபிளே இல்லை. கைப்பிடியின் அசைவு எண்ணாக மாறி இரண்டு மெல்லிய கம்பிகளில் இன்ஜினின் கணினிக்குப் போகிறது. வெப்பம், அழுத்தம், சுழற்சி எல்லாம் அதே கம்பியில் திரும்பி ஒரே திரையில் வருகின்றன. பலகையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இரண்டு இடத்திலும் வைக்கலாம். பழைய கட்டுப்பாடுகள் எதுவும் பொருட்டல்ல என்று தோன்றும். தீபகற்பத்தின் இந்தத் தென்முனையோ இடி மின்னல் மிகுந்த பகுதி. துறையில் நிற்கும் படகுகளில் உயரமான உலோகக் கம்பம் பாய்மரமே. அருகில் மின்னல் விழுந்தாலே மின்னணுக் கருவிகள் ஒரே நொடியில் செத்துவிடுவது படகுக்காரர்கள் அறிந்த அனுபவம். அதனால் திரையை மேலே வைத்துக்கொண்டாலும், கியருக்கும் திராட்டிலுக்கும் கேபிளையே வைத்திருக்கப் பலர் விரும்புகிறார்கள். எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு பூர்தோன் மானியை இன்ஜின் மேலேயே திருகிவைப்பவர்களும் உண்டு. அதைப் பார்க்க யாராவது கீழே இறங்க வேண்டும்.